அக்காவின் பராமரிப்பு நேரத்தைக் குறைத்துவிட்டார்கள். அவவுக்கு எப்படி விளங்கப்படுத்துவது?

லண்டனில் வசிக்கும் 54 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவருடைய தோழிக்கு 71 வயது. யாழ்ப்பாணத்தில் சிறுவயதிலேயே போலியோ வந்து ஒரு கால் செயலிழந்தது. ஊன்றுகோலோடு நடந்து படித்து ஆசிரியையானவர். இங்கே வந்து முப்பது வருடங்களுக்கு மேலாகிறது. பிரிட்டிஷ் குடியுரிமை இருக்கிறது. கடந்த சில ஆண்டுகளில் கைகளும் பலவீனப்பட்டு, இப்போது சக்கர நாற்காலியில் இருக்கிறார். கவுன்சில் (உள்ளூராட்சிச் சபை) வீட்டில் தனியாக வசிக்கிறார். மகன் கனடாவில். வாசகிக்கும் அவருக்கும் இரத்த உறவு கிடையாது. கோயிலில் பழகி, இருபது வருடமாக "அக்கா" என்று கூப்பிடுகிறார்.

கவுன்சில் ஏற்பாடு செய்த பராமரிப்பாளர்கள் கிழமைக்கு 28 மணித்தியாலம் வந்துகொண்டிருந்தார்கள். ஐந்து கிழமைக்கு முன் வந்த கடிதத்தில் அது 17 ஆகக் குறைக்கப்பட்டிருக்கிறது. மத்தியானம் வந்து சாப்பாடு கொடுக்கும் அரை மணித்தியாலம் போய்விட்டது. மைக்ரோவேவில் சூடாக்கிச் சாப்பிடலாமாம். இரவு படுக்கவைக்க வரும் அரை மணித்தியாலமும் போய்விட்டது. மாலையில் தோழி வருகிறாராம், இரவுக்குச் சிறுநீரை உறிஞ்சும் துணி பாவிக்கலாமாம். வெள்ளிக்கிழமை கோயிலுக்குக் கூட்டிப்போகும் நான்கு மணித்தியாலமும் இல்லை. சில நாள் கழித்து இன்னொரு கடிதம்: அக்கா கட்டவேண்டிய பங்கு கிழமைக்கு 38 பவுண்டிலிருந்து 61 பவுண்டாகக் கூடியிருக்கிறது.

"எனக்கே சரியாக விளங்கவில்லை, அவவுக்கு எப்படி விளங்கப்படுத்துவது? சின்ன மாற்றம்தான் அக்கா, யோசிக்காதையுங்கோ என்று சொல்லி வைத்திருக்கிறேன். மகன் போனில், சண்டை பிடிக்கவேண்டாம், இருக்கிறதையும் நிப்பாட்டிப்போடுவாங்கள் என்கிறார். கவுன்சிலிடம் காசு இல்லை என்று எல்லாரும் சொல்லுகினம். நான் அவவுக்காகக் கையெழுத்து வைக்கலாமா?" இவைதான் கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

இருபது வருட நட்பில் ஒருவருடைய சாப்பாடு, குளிப்பு, தூக்கம் வரைக்கும் கவனிக்கிறீர்கள். அந்த அக்கறையை மதித்தே முதலில் ஒன்றைச் சொல்கிறேன். "சின்ன மாற்றம்தான்" என்று சொன்னதை இந்தக் கிழமையே திருத்திவிடுங்கள். 28இல் 11 போவது சின்ன மாற்றம் இல்லை. உங்கள் வார்த்தையை நம்பி அக்கா இரண்டு மாதம் பேசாமல் இருந்தால், நீதிமன்றம் போவதற்கான காலமே கடந்துபோகும். அவர் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர். அறிவு தெளிவாகவே இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆங்கிலக் கடிதத்தின் பாஷைதான் அவருக்குத் தடை.

அதனால் கையெழுத்துக் கேள்விக்கு என் பதில்: வேண்டாம். 2005ஆம் ஆண்டின் மனத்திறன் சட்டப்படி, வயது வந்த எவரும் தன் முடிவைத் தானே எடுக்கக்கூடியவர் என்றுதான் தொடங்கவேண்டும். விளங்குவதற்குத் தேவையான உதவி எல்லாம் செய்து பார்க்காமல் "இவரால் முடியாது" என்று ஒதுக்கக்கூடாது. முறைப்படி எழுதிப் பதிவு செய்த அதிகாரப் பத்திரம் இல்லாவிட்டால் மகனுக்கும் அவர் சார்பில் முடிவெடுக்கும் உரிமை இல்லை. அக்கா விரும்பினால், உங்களோடு பேசக் கவுன்சிலுக்கு அனுமதி தருவதாக ஒரு கடிதத்தில் அவரே ஒப்பமிடலாம். அது போதும்.

இரண்டு கடிதம், இரண்டு முடிவு

நீங்கள் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து "காசு குறைச்சுப் போட்டாங்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். இவை வெவ்வேறு பிரிவுகள் எடுத்த வெவ்வேறு முடிவுகள். முதலாவது, அக்காவுக்கு எவ்வளவு உதவி தேவை என்பது பற்றிய மீளாய்வு. இரண்டாவது, அந்த உதவிக்கு அவர் கையிலிருந்து எவ்வளவு கட்டமுடியும் என்ற வருமானக் கணக்கு. ஒன்றுக்கான பதிலை மற்றதற்கு எழுதினால், சம்பந்தமில்லாத மேசைக்குப் போய் அங்கேயே கிடக்கும். அவருடைய அரச பென்ஷனும், பிப் என்ற இயலாமைக் கொடுப்பனவும் இந்த முடிவுகளால் குறையவில்லை. அவற்றைக் கொடுப்பது மத்திய அரசு. கவுன்சில் அவற்றில் கைவைக்கவில்லை. அக்காவிடம் இதையும் சொல்லுங்கள், பாதிப் பயம் அங்கேயே குறையும்.

"சமாளிக்கிறேன்" என்ற சொல்

இங்கிலாந்தில் இந்த விஷயத்தை ஆள்வது, கடிதங்களில் கேர் அக்ட் என்று வரும் 2014ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டம். வேல்ஸுக்கும் ஸ்கொட்லாந்துக்கும் வேறு சட்டங்கள். இங்கே யாருக்கு உதவி கிடைக்கவேண்டும் என்பதைக் கவுன்சில் தன் இஷ்டப்படி தீர்மானிக்க முடியாது. நாடு முழுவதற்கும் ஒரே தகுதி விதிகள் 2015இல் வந்தன. உடல் குறைபாட்டாலோ நோயாலோ, பட்டியலில் உள்ள பத்து விஷயங்களில் இரண்டையாவது ஒருவரால் செய்ய முடியாமல், அதனால் அவர் நலம் பெரிதும் பாதிக்கப்பட்டால் அவர் தகுதியுள்ளவர். சாப்பாடு, உடல் சுத்தம், மலசலகூடத் தேவை, உடுப்பு, வீட்டுக்குள் பாதுகாப்பாக நடமாடுவது எல்லாம் அந்தப் பத்தில் வருகின்றன. உறவுகளையும் நட்புகளையும் பேணுவது, ஊரிலுள்ள பொது வசதிகளைப் பயன்படுத்துவது ஆகியவையும் அதே பட்டியலில், அதே அந்தஸ்தோடு இருக்கின்றன. "கோயிலுக்குப் போறதைக் கேட்க வெட்கமாக இருக்கு" என்று அக்கா சொன்னதாக எழுதியிருந்தீர்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. வெள்ளிக்கிழமை கோயில்தான் அவர் கிழமையில் மனிதரைப் பார்க்கும் ஒரே இடம் என்றால், சட்டம் கேட்கும் பதிலே அதுதான்.

இனி "முடியாமல்" என்பதற்கு வருகிறேன். யாராவது உதவினால்தான் செய்யமுடியும் என்றாலும், செய்யும்போது கணிசமான வலியோ வேதனையோ பதற்றமோ வந்தாலும், உடல்நலத்துக்கும் பாதுகாப்புக்கும் ஆபத்து வரலாம் என்றாலும், வழக்கத்தைவிட மிக அதிக நேரம் பிடித்தாலும், விதிப்படி அது "முடியாது" என்றே கணக்கு. அக்கா மைக்ரோவேவ் கதவைத் திறக்கிறார். ஆனால் சூடான தட்டை மடியில் வைத்துச் சக்கர நாற்காலியை உருட்டவேண்டும், கையில் பிடிமானம் இல்லை. ஒருமுறை தொடையில் கொட்டிக் காயம்பட்டதை நீங்கள் கடிதத்தின் ஓரத்தில், போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் உங்கள் கடிதத்திலேயே முக்கியமான வரி.

சமூகப் பணியாளர் வந்த அன்றைக்கு என்ன நடந்திருக்கும் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. எங்கள் ஆட்களிடம் திரும்பத் திரும்பப் பார்ப்பதுதான் இது. வெளியாள் வருகிறார் என்று வீடு துப்புரவாக இருக்கும், நல்ல சேலை கட்டியிருக்கும், தேத்தண்ணி தயாராக இருக்கும். "எப்படி இருக்கிறீர்கள்?" என்றால் "பரவாயில்லை, சமாளிக்கிறேன்" என்பார்கள். அதுவே அறிக்கையில் "தானாகச் செய்கிறார்" என்று ஏறிவிடும். மரியாதைக்காகச் சொன்ன ஒரு வார்த்தை 11 மணித்தியாலத்தைக் கொண்டுபோயிருக்கலாம். ஆகவே அந்த மீளாய்வு அறிக்கையின் முழுப் பிரதியையும், புதிய பராமரிப்புத் திட்டத்தையும் அக்கா பெயரில் எழுதிக் கேளுங்கள். கையில் இருக்கும் கடிதம் முடிவை மட்டும்தான் சொல்கிறது. அறிக்கைதான் காரணத்தைச் சொல்லும், பிழையும் அங்கேதான் தெரியும்.

அறிக்கை வந்ததும் கேட்கவேண்டிய கேள்வி: சென்ற மீளாய்வுக்குப் பிறகு எது மாறியது? போலியோ வந்தவர்களுக்குப் பல பத்தாண்டுகள் கழித்துத் தசைகள் மறுபடி பலவீனப்படுவது வைத்திய உலகம் அறிந்த விஷயம். போஸ்ட் போலியோ சின்ட்ரோம் என்பார்கள். அக்காவின் கைகள் பலவீனப்படுவதும் அதனாலா என்பதை ஜிபி (குடும்ப வைத்தியர்) சொல்லட்டும், அப்படியானால் அதை எழுத்தில் தரட்டும். தேவை கூடிக்கொண்டு போகும்போது நேரம் எப்படிக் குறைந்தது என்று கவுன்சில் விளக்கவேண்டும். மீளாய்வைச் சாட்டாக வைத்துப் பராமரிப்புக்கு ஒதுக்கிய தொகையைக் காரணமில்லாமல் குறைக்கக்கூடாது என்று அரசின் வழிகாட்டியே சொல்கிறது. திட்டத்தை மாற்றும்போது சம்பந்தப்பட்டவரோடு உடன்பாட்டுக்கு வர நியாயமான முயற்சி எல்லாம் எடுக்கவேண்டும் என்பது பராமரிப்புச் சட்டத்தின் 27ஆம் பிரிவு. வீட்டுக்கு ஒக்குப்பேஷனல் தெரப்பிஸ்டை அனுப்பிக் குசினியிலும் படுக்கையிலும் அக்கா என்ன செய்யமுடியும் என்று பார்க்கச் சொல்லியும் கேளுங்கள்.

உங்கள் அன்பும் கணக்கில் ஏறியிருக்கிறது

சொல்லக் கஷ்டமாக இருக்கிறது, ஆனால் சொல்லவேண்டும். இரவு வருகையையும் வெள்ளிக்கிழமையையும் குறைக்கக் காட்டிய காரணம் நீங்கள். "மாலையில் தோழி வருகிறார்" என்று எழுதியிருக்கிறார்கள். இதை வாசித்து உங்களையே நொந்துகொள்ள வேண்டாம். தேவை இருக்கிறதா என்று பார்க்கும்போது, யார் இப்போது உதவுகிறார் என்பதைப் பார்க்கவே கூடாது. தேவையைத் தீர்மானித்த பிறகு, ஒருவர் தானாக விரும்பியும் இயலுமானவராகவும் செய்யும் உதவியை மட்டும் கழிக்கலாம். உங்களிடம் யாராவது கேட்டார்களா? கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் வேலைக்குப் போகிறவர், முதுகு வலி உள்ளவர். ஒருவரைத் தூக்கிப் படுக்கவைப்பது மாலையில் வந்து கதைத்துவிட்டுப் போவதைப் போன்றதல்ல. எதைச் செய்யமுடியும், எதைச் செய்யமுடியாது என்று கவுன்சிலுக்கு எழுத்தில் சொல்லுங்கள். உறவினராக இல்லாவிட்டாலும், பராமரிப்பவர் என்ற முறையில் உங்களுக்கென்று ஒரு தனி மதிப்பீடு கேட்கும் உரிமையும் உண்டு.

இங்கே இன்னும் ஒரு நுட்பம் இருக்கிறது. மீளாய்வில் பங்குபற்றுவது ஒருவருக்கு மிகக் கடினமாக இருந்து, துணைக்குத் தகுந்த ஆள் இல்லாவிட்டால், கவுன்சில் இலவசமாக ஒரு சுயாதீனத் துணைப்பேச்சாளரை ஏற்பாடு செய்யவேண்டும் என்பது அதே சட்டத்தின் 67ஆம் பிரிவு. அட்வகேட் என்று எழுதியிருப்பார்கள், வக்கீல் என்று நினைத்துப் பயப்படவேண்டாம். "அந்தத் துணை நான்தான்" என்று நீங்கள் ஒப்புக்கொண்டால் இந்தக் கடமை அவர்களுக்கு இல்லாமல் போகலாம். நீங்களே குறைப்புக்குக் காரணமாகக் காட்டப்பட்டிருக்கும்போது, துணைப்பேச்சாளர் வருவதே நல்லது என்பது என் எண்ணம். அக்காவுக்கும் அது சம்மதமா என்று கேளுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளரையும் கேளுங்கள். அந்த வேலையையும் நீங்களே தலையில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

இன்னொரு எச்சரிக்கை: பராமரிப்பவர்களுக்கு அரசு தரும் கேரர்ஸ் அலவன்ஸுக்கு விண்ணப்பிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். அதற்குக் கிழமைக்கு 35 மணித்தியாலம் பராமரித்திருக்க வேண்டும். அதைவிட, நீங்கள் அதை வாங்கினால் தனியாக வசிக்கும் அக்காவின் பென்ஷன் கிரெடிட்டில் (குறைந்த வருமானமுள்ள முதியோருக்கான கொடுப்பனவு) கடும் இயலாமைக்காகச் சேரும் தொகை நின்றுபோகும். ஆலோசனை பெறாமல் தொடவேண்டாம்.

61 பவுண்டு சரியா?

இது கணக்கு, ஆதலால் சுருக்கமாக முடியும். எப்படி வந்தது என்ற விரிந்த கணக்குத்தாளைக் கேளுங்கள். அக்கா வீட்டிலேயே பராமரிப்புப் பெறுவதால், கட்டணம் கழித்த பிறகு குறைந்தபட்சத் தொகை ஒன்று அவர் கையில் மிஞ்சவேண்டும்; அதை அரசு வருடந்தோறும் அறிவிக்கிறது. பிப்பின் நடமாட்டப் பகுதியை வருமானமாக எடுக்கக்கூடாது. சேமிப்பு 14,250 பவுண்டுக்குக் கீழே இருந்தால் அதைக் கணக்கில் சேர்க்க முடியாது.

பெரும்பாலும் விடுபடுவது இயலாமைச் செலவுகள். கூடுதலாக எரியும் ஹீட்டர், அடிக்கடி ஓடும் வொஷிங் மெஷின், சக்கர நாற்காலித் திருத்தம், விசேட உடுப்பு, படுக்கை விரிப்பு. இவற்றைக் கழிக்கச் சொல்லலாம், ஆனால் பில் வேண்டும். பில்களை ஒரு பைலில் போட்டு வையுங்கள். 2020இல் நோர்ஃபோக் கவுண்டி கவுன்சிலின் கட்டண முறை, கடும் இயலாமை உள்ளவர்களைப் பாகுபடுத்துகிறது என்று உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கட்டணமும் கேள்விக்கு உட்பட்டதுதான். ஆனால் கோபத்தில் கட்டுவதையே நிறுத்திவிடாதீர்கள், நிலுவை கடனாக ஏறும். பழைய 38 பவுண்டைக் கட்டியபடி, மீள்கணிப்பு முடியும்வரை மீதியை நிறுத்திவைக்கும்படி எழுத்தில் கேட்பது நல்லது.

அக்காவோடு உட்காரும்போது

காலையில், அவர் களைக்காத நேரத்தில் போங்கள். கடிதத்தை முதலில் அவர் கையில் கொடுங்கள். அது அவருக்கு வந்தது. பிறகு ஒரு பெரிய தாளில் திங்கள் முதல் ஞாயிறு வரை கட்டம் போட்டு, பழைய வருகைகளை ஒரு நிறத்திலும், மிஞ்சியிருப்பவற்றை இன்னொரு நிறத்திலும் நிரப்புங்கள். "11 மணித்தியாலம்" என்று சொன்னால் யாருக்கும் மனதில் பதியாது. "மத்தியானம் ஒருவரும் வரமாட்டினம், இரவு நீங்களாகக் கட்டிலுக்கு மாறவேணும், வெள்ளி கோயில் இல்லை" என்றால் பதியும். ஒரே நாளில் எல்லாவற்றையும் சொல்லி முடிக்க நினைக்காதீர்கள். சொன்னதை அவர் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்லட்டும். ஆசிரியைக்கு அந்த முறை தெரிந்ததுதான்.

அவர் அழலாம், கோபப்படலாம், "போகட்டும் விடு" என்றும் சொல்லலாம். அந்த மூன்றாவதை உடனே சம்மதமாக எடுக்காதீர்கள். இரண்டு நாள் கழித்து மறுபடி கேளுங்கள். இரண்டாம் முறையும் வேண்டாம் என்றால் அது அவர் முடிவு, மதிக்கத்தான் வேண்டும். எதை அவர் விட்டுக்கொடுக்கத் தயார், எதை மாட்டார் என்றும் கேளுங்கள். மத்தியானச் சாப்பாட்டைவிட இரவுதான் அவருக்கு முக்கியமாக இருக்கலாம். நீங்களும் நானும் அதை ஊகிக்கக்கூடாது. பிறகு இரண்டு கிழமைக்கு ஒரு கொப்பியில் எல்லாவற்றையும் எழுதி வரச் சொல்லுங்கள்: எந்த வேளை சாப்பிடவில்லை, எத்தனை மணிக்குப் படுத்தார், எங்கே வழுக்கினார், மலசலகூடத்துக்கு எவ்வளவு நேரம் காத்திருந்தார். கை நடுங்கினால் அவர் சொல்ல நீங்கள் எழுதலாம்.

எவ்வளவு தூரம் போகலாம்

மகனின் பயத்துக்குப் பதில்: முறைப்பாடு செய்ததற்காகக் கவுன்சில் உதவியை நிறுத்த முடியாது. அக்காவின் குடியுரிமைக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அதேநேரம், மறுபடி மதிப்பிடும்போது நாம் விரும்பிய எண்ணே வரும் என்ற உத்தரவாதமும் கிடையாது.

"கவுன்சிலிடம் காசு இல்லை" என்பது பாதி உண்மை. பல கவுன்சில்கள் நெருக்கடியில் இருக்கின்றன; 2023 செப்டெம்பரில் பர்மிங்ஹாம் கவுன்சில், வரவுக்குள் செலவைச் சமாளிக்க முடியாது என்று சொல்லும் 114ஆம் பிரிவு அறிவித்தல் விடுத்ததைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். ஆனால் அப்படி அறிவித்த கவுன்சிலுக்கும் சட்டக் கடமைகள் தொடர்கின்றன. தகுதியுள்ள தேவையைப் பூர்த்தி செய்ய இரண்டு வழி இருந்து இரண்டும் உண்மையிலேயே போதுமானவை என்றால் மலிவானதைத் தெரிவு செய்யலாம். காசு இல்லை என்று தேவையையே விட்டுவிட முடியாது.

நீதிமன்றம் பற்றி உங்களுக்குப் பொய் நம்பிக்கை தர விரும்பவில்லை. ஸ்கொட்டிஷ் பாலேயின் முன்னாள் முதன்மை நடனமணி இலெய்ன் மக்டொனால்டுக்கு இரவில் உதவியாளர் வருவதை நிறுத்தி, உறிஞ்சு துணி பாவிக்கச் சொன்னது கென்சிங்டன் அன்ட் செல்சி கவுன்சில். அவருக்குச் சிறுநீர்க் கட்டுப்பாடு போகவில்லை. எழும்பிப் போகத்தான் துணை தேவைப்பட்டது. அக்காவின் நிலையும் அதுவே. 2011இல் உச்ச நீதிமன்றத்தில் அவர் தோற்றார். நீதிபதி ஹேல் சீமாட்டி மட்டும் மாறுபட்டார். 2014இல் ஸ்ட்ராஸ்பூர்க் நீதிமன்றம், முறைப்படி மீளாய்வு செய்யாமல் குறைத்த ஏறக்குறைய ஒரு வருடத்துக்கு மட்டும் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. மீளாய்வுக்குப் பிந்திய காலத்துக்கு அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. 2017இல் ஒக்ஸ்ஃபோர்ட்ஷயரில் லூக் டேவி என்பவரின் பராமரிப்புத் தொகை கிழமைக்கு 1,651 பவுண்டிலிருந்து 950 ஆகக் குறைக்கப்பட்டதையும் மேன்முறையீட்டு நீதிமன்றம் மாற்றவில்லை. கவுன்சில் யோசித்து முடிவெடுத்திருந்தால், நீதிமன்றம் தன் முடிவை அதன் இடத்தில் வைக்காது. அதனால்தான் அறிக்கையையும் கொப்பியையும் பற்றி இவ்வளவு எழுதினேன். அறிக்கையில் உண்மை ஏறினால்தான் பிறகு வாதாட ஏதாவது இருக்கும்.

முதலில் கவுன்சிலுக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள். அந்த விசாரணை முடியும்வரை பழைய 28 மணித்தியாலத்தைத் தொடரும்படியும் கேளுங்கள். தொடர்ந்தே ஆகவேண்டும் என்ற சட்டம் இல்லை, ஆனாலும் ஆபத்தைக் காட்டிக் கேட்டால் இணங்கும் அதிகாரிகள் இருக்கிறார்கள். பதில் திருப்தி தராவிட்டால் முறைப்பாடுகளைச் சுயாதீனமாக விசாரிக்கும் உள்ளூராட்சி, சமூகப் பராமரிப்பு ஒம்புட்ஸ்மன் இருக்கிறார். இலவசம், பொதுவாகப் பன்னிரண்டு மாதத்துக்குள் போகவேண்டும். கவுன்சிலின் முடிவு சட்டப்படி சரியா என்று நீதிமன்றம் பார்க்கும் நீதிமன்ற மீளாய்வுக்கோ தாமதமில்லாமல், எப்படியும் மூன்று மாதத்துக்குள் போகவேண்டும். முறைப்பாட்டுக்குப் பதில் வரட்டும் என்று காத்திருந்தாலும் அந்தக் காலம் நிற்காது. உங்களுக்கு ஐந்து கிழமை ஏற்கெனவே போய்விட்டது.

ஆகவே அக்கா சம்மதித்தால், முறைப்பாட்டை அனுப்பும் அதே கிழமையில் சமூகப் பராமரிப்புச் சட்டம் பார்க்கும் லீகல் எய்ட் (அரச செலவில் சட்ட உதவி) சொலிசிட்டர் ஒருவரையும் பாருங்கள். பென்ஷன் கிரெடிட்டில் இருப்பவருக்குப் பெரும்பாலும் லீகல் எய்ட் கிடைக்கும். யாரிடம் போவது என்று தெரியாவிட்டால் ஆலோசனை அமைப்புகளான சிட்டிசன்ஸ் அட்வைஸ், ஏஜ் யூகே, அருகிலுள்ள லோ சென்டர் ஆகியவை வழிகாட்டும். இரண்டு கடிதம், பழைய பராமரிப்புத் திட்டம், ஜிபி கடிதம், கொப்பி எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். அறிக்கை வரவில்லை என்றால் அதற்காகக் காத்திருக்காமல் போங்கள்; அதைக் கேட்டு வாங்குவதைச் சொலிசிட்டர் பார்த்துக்கொள்வார். அக்காவையும் கூட்டிக்கொண்டு போங்கள். பயணம் முடியாவிட்டால், அவர் முன்னால் வைத்தே தொலைபேசியில் பேசச் சொல்லுங்கள்.